காணாமல் போன மலைச் சிட்டு!
76 ஆண்டுகளில் மூன்றே தடவை கண்ணில் பட்ட அதிசயப் பறவை

தென் அமெரிக்காவின் வடகோடியில் உள்ள நாடு, கொலம்பியா. அங்கே கரிபியன் கடலோரத்தில் சாந்தா மார்த்தா என்ற மலைத் தொடர் இருக்கிறது. கடலில் இருந்து 26 மைல் தூரத்திலேயே அதன் சிகரம் 18 ஆயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது! அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். உச்சியில் பனி உறைந்து கிடக்கும்.

உலகில் வேறு எங்கும் இல்லாத ஒரு பறவை இந்த மலையில் உண்டு. அது ரீங்காரச் சிட்டு வகையைச் சேர்ந்தது. அதன் பெயர், "வாள்சிறகுச் சிட்டு". ஆண் பறவையின் வெளி இறகுகள் தடித்து, வாள் போல வளைந்திருக்கும். அதனால்தான் இந்தப் பெயர்.

தேன்சிட்டு வேறு

ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நம் ஊர்த் தேன்சிட்டு வேறு இனம். அது பெரும்பாலும் பூங்கொத்தில் உட்கார்ந்து தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டோ அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும்!

எங்கே போயிற்று?

1946-ல் ஆராய்ச்சிக்காக ஒரு வாள்சிறகுச் சிட்டு பிடிக்கப்பட்டது. அதன் பிறகு அதைக் காணோம். 2010-ல் ஒரு தடவை தென்பட்டதாகப் பதிவாயிற்று. மறுபடியும் மறைந்துவிட்டது. உலகம் முழுவதும் தேடப்படும் "காணாமல் போன பறவைகள்" பத்தில் ஒன்றாக இதுவும் சேர்க்கப்பட்டது.

கிளையில் கேட்ட பாட்டு

2022 ஜூலை மாதம். யூர்கன் வேகா என்பவர் அந்த மலையில் பறவைகளைக் கணக்கெடுத்து வந்தார். வேலை முடிந்து புறப்படும் நேரம். ஒரு சிட்டு அவர் கண்ணில் பட்டது. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். திடுக்கிட்டார்!

மரகதப் பச்சை உடல். பளபளக்கும் நீலக் கழுத்து. வளைந்த கருப்பு அலகு. சந்தேகமே இல்லை, ஆண் வாள்சிறகுச் சிட்டு! கிளையில் உட்கார்ந்து அது பாடிக்கொண்டிருந்தது. வேகா படம் எடுத்தார். அந்தப் படமே சாட்சி ஆயிற்று.

ஆண் பறவை பாடுவது, தன் எல்லையைக் காக்கவும் பெண் பறவையை அழைக்கவும்தான். அப்படியானால் அது தனியாக இருக்க முடியுமா? ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் தேடினார்கள். குவாட்டாபுரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேலும் சில பறவைகளைக் கண்டார்கள்.

ஆபத்து நீங்கவில்லை

பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் அந்த மலைக் காடுகள் வெட்டப்பட்டு வந்தன. இந்தச் சிட்டு, அழியும் ஆபத்து மிக அதிகமாக உள்ள இனங்களில் ஒன்று. இருக்கும் இடம் தெரியாத பறவையைக் காப்பாற்ற வழி இல்லை. இப்போது அதன் வீடு எது என்று தெரிந்துவிட்டது. அந்த ஓடைக்கரை மரங்கள் நின்றால், அந்தப் பாட்டும் நிலைக்கும்.