நோடை நீக்கியாச்சு, ஃப்ரீ செய்வது எப்போது?



லிங்க்டு லிஸ்ட்டில் ஒரு நோடை நீக்கி ஃப்ரீ செய்வது நமக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லேப்பில் இரண்டு த்ரெட் போட்டு, ஒன்று படிக்க, மற்றது நீக்க என்று ஓட்டினேன். பத்து தடவை ஒழுங்காக ஓடியது. அடுத்த தடவை செக்மெண்டேஷன் ஃபால்ட்! ஒன்று படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றது அந்த நோடை ஃப்ரீ செய்துவிட்டது. கெர்னலுக்குள் இதே தவறு நடந்தால் மெஷினே படுத்துவிடும்.

லாக் போட்டால் போச்சு என்பீர்கள். லினக்ஸும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1996-ல் வந்த 2.0 பதிப்பில் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக். அதை அடியோடு ஒழிக்க 2011 வரை ஆனது. சின்னச் சின்ன லாக்குகளாகப் பிரித்தாலும், சும்மா படிக்க வருகிற த்ரெட்கூட லாக்கில் எதையாவது எழுதியாக வேண்டும். அந்த ஒரே இடத்துக்காக எல்லா சி.பி.யூ.வும் இழுபறி.

இதற்குத்தான் ஆர்.சி.யூ. என்ற முறை. 1990-களில் சீக்வென்ட் கம்பெனியில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் உருவாக்கியது. 2002-ல் லினக்ஸுக்குள் வந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர் இலையை நடுவில் எடுக்க முடியுமா? ரகளை ஆகிவிடும்! அந்தப் பந்தி எழுந்த பிறகுதான் எடுப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் வேறு இலையில் உட்காருவார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே மாதிரி, மாற்றுகிற த்ரெட் ஒரு நகல் எடுத்துத் திருத்தி, பாயிண்டரை ஒரே வீச்சில் புதியதன் பக்கம் திருப்பும். பழையதை உடனே ஃப்ரீ செய்யாது.

சரி, பழைய பந்தி எழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? தலையை எண்ணுவதே இல்லை! படித்து முடிக்கும்வரை சி.பி.யூ.வை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஆர்.சி.யூ.வின் எளிய வகையில் சட்டம். ஆகவே ஒவ்வொரு சி.பி.யூ.வும் ஒரு தடவையாவது வேறு வேலைக்கு மாறிவிட்டால், எல்லோரும் எழுந்தாச்சு என்று அர்த்தம். அட, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

ஆனால் இதற்கு விலை மெமரி. காத்திருப்பு சில மில்லி செகண்டுகள்தான் என்றாலும், அதற்குள் ஆயிரக்கணக்கில் நீக்கினால் பழைய நோடுகள் குப்பையாகக் குவியும். ஒரு சி.பி.யூ. லூப்பில் மாட்டிக்கொண்டால் மொத்தமும் நிற்கும். லினக்ஸ் வழக்கமாக 21 செகண்ட் பொறுத்துவிட்டு எச்சரிக்கை அடிக்கும். படிக்கிறவருக்குப் பழைய தகவலும் கிடைக்கலாம். மாற்றுகிறவர்கள் தங்களுக்குள் லாக் போட்டே ஆகவேண்டும். ரௌட்டிங் டேபிள் போல, ஓயாமல் படித்து எப்போதாவது மாற்றுகிற இடத்துக்கு இது அருமை. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற இடத்துக்குச் சரிப்படாது.

என் லேப் புரோகிராமுக்குச் சாதாரண மியூடெக்ஸ்தான் போட்டேன். இதுவரை விழவில்லை.