உச்சி வெயிலில் ஃபிளாஷ் எதற்கு?

சித்திரைத் திருவிழா நண்பகலில் வைகை மணலில் நிற்பவரைப் படமெடுத்தால் கண்குழியில் கருநிழல் விழும். வெயிலிலும் ஃபிளாஷ் வேண்டியது இதற்குத்தான். 2006-இல் வந்த நிக்கான் டி40 கேமரா வெறும் 6 மெகாபிக்சல். ஆனாலும் இந்த ஒரு வேலையில் பின்னால் வந்த டி3000-ஐ முந்திவிடும். எப்படி?

டி3000-இல் உள்ளது போன்ற வழக்கமான ஷட்டரில் இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 1/200 நொடியைவிட வேகம் கூடினால் சென்சார் முழுதாகத் திறந்திருக்காது, ஒரு கீற்றுதான் தெரியும். அப்போது ஃபிளாஷ் மின்னினால் படத்தில் ஒரு பகுதி இருட்டு. டி40-இன் சிசிடி சென்சார், திரை திறந்திருக்கும்போதே எல்லாப் புள்ளிகளையும் மின்னணு முறையில் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தும். ஆகவே 1/500 வரை ஃபிளாஷ் ஒத்துப்போகும். வேகம் கூடுவதால், ஐஎஸ்ஓ 200-இல் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-இலிருந்து எஃப்/10-க்குத் திறக்கலாம்; குட்டி ஃபிளாஷ் ஒரு மீட்டருக்குப் பதில் சுமார் 1.7 மீட்டர் எட்டும். விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது? வெளிச்சம் குறைந்த அந்த நேரத்துக்குப் புதிய கேமராவே மேல்.