கரியும் சந்தனமும்

ஆண்டுதோறும் மே மாதத்துக் கடும் வெயிலில், திருப்பதி தாதய்யகுண்டா கங்கம்மனுக்கு ஜாத்திரை நடக்கும் அந்த ஒரு வாரமும், ஆண்கள் மட்டுமின்றி நடை பழகும் பாலகர்களும் பிரார்த்தனையின் பொருட்டு விதவிதமாக வேஷம் தரித்துச் சந்நிதிக்குச் செல்வது நெடுங்காலச் சம்பிரதாயம். பெண்களுக்குக் கொடுமை இழைத்த பாளையக்காரன் ஒருவனைத் தேடி அம்மனே பல வேஷங்களில் அலைந்து, முடிவில் துரை வேஷத்தில் அவனை வெளியே வரவழைத்துச் சம்ஹரித்தாள் என்பது ஐதீகம். ஆதலால் பைராகிக்கு வெள்ளை நாமக்கட்டியும், பண்ட வேஷத்துக்குக் குங்குமமும், தோட்டிக்குக் கரியும், துரைக்குச் சந்தனமும் மேனியில் பூசப்படுகின்றன. வேப்பிலை மாலை கழுத்தில் உறுத்த நெளியும் சிறுவனின் கண்ணில் கரி விழுந்துவிடாதபடி, தாய் தன் முந்தானையால் அவன் இமையோரத்தை ஒற்றிவிடுகிறாள்.

தோட்டிக்குக் கரி, துரைக்குச் சந்தனம் என்ற அந்தப் பங்கீட்டில் பழைய ஜாதிப் பார்வை படிந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஜாத்திரைக்குள், இன்று கரி பூசிய அதே உடம்பு மறுநாள் சந்தனம் பூசிக்கொள்கிறது. இரண்டும் அம்மன் தாமே ஏற்ற ரூபங்களாகையால், தோட்டியைக் கண்டு நகைப்பாரில்லை, கைகூப்புவாரே உண்டு.

பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியிலோ பிரார்த்தனை கழன்றுபோய்க் கரி மட்டுமே எஞ்சுகிறது. 2024 டிசம்பரில் வெளியான ‘புஷ்பா 2’ திரைப்படம், சேலையுடுத்திய கதாநாயகன் வாயிலாக இந்த ஜாத்திரை வேஷத்தைத் தேசமெங்கும் காட்டியபின், அந்தச் சேலை வேஷத்தைக் குழந்தைகளுக்கு அணிவிக்கும் ஆசை பெருகுவது இயல்பே. அம்மனின் வேஷமாதலால் அதனால் எவரும் தாழ்வதில்லை. முகத்தில் மையப்பி, கிழிசல் உடுத்தி, பாசிமணி தொங்கவிட்டுக் குழந்தையைக் குறத்தியாக்கி மேடையேற்றுவதோ வேறு. உயிரோடு வாழும் ஒரு சமூகத்தின் வறுமையே அங்கே வேடிக்கைப் பொருளாகிறது. தமிழகத்தில் குறவன் குறத்தி ஆட்டம் ஆபாசமாக்கப்பட்டுத் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அச்சமூகத்தார் நெடுநாள் முறையிட்டு வந்ததன் பயனாக, 2023-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் பின்னர் அரசும் அதைத் தடைசெய்தன. கலை அழிகிறதே என்று வருந்தியவர்களின் துக்கமும் மெய்யானதே. எனினும் காயம்பட்டவரின் சொல்லுக்கே முதலிடம் தருவது தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்துக்கும் இந்தத் தர்மமே பொருந்தும். சித்தூர்ச் சீமையில் பழங்குடியினரான எருகுலர் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். குறி சொல்லும் எருகுலப் பெண்ணாக ஒரு குழந்தைக்கு வேஷமிடும் முன்னர், அந்த எருகுலக் குழந்தைகளின் பெற்றோரை ஆசிரியர் அழைத்துக் கேட்கட்டும். அவர்கள் வேண்டாமென்றால் அந்த வேஷத்தை விட்டுவிடட்டும்.