சோளத்தட்டை பட்ட கண்

கண் சிவந்தால் எல்லாரும் முதலில் சொல்வது மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் வைரஸால் வரும் அது ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கும். ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் சோளத்தட்டையோ கம்புக் கதிரோ கண்ணில் பட்டு வரும் சிவப்பை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தச் சிறு கீறல் வழியே பூஞ்சை நுழைந்து கருவிழியைப் புண்ணாக்கிவிடும். 1994-இல் மதுரையில் மூன்று மாதம் நடந்த ஆய்வில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. கிருமி தெரிந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிசமம்.

‘போன தடவை மருந்துக்கடைச் சொட்டு மருந்திலேயே சரியாச்சே’ என்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் குறையும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் பூஞ்சையை அழிக்காது. அதற்கென்று நேட்டாமைசின் சொட்டு மருந்து இருக்கிறது. புதிய மருந்தான வோரிகோனசோலைவிட அதுவே நன்றாக வேலை செய்தது என்று மதுரையும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2013-இல் காட்டியது. அறுப்பு நேரத்தில் மருத்துவரிடம் போனால் ஒருநாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஓர் ஆய்வில், கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் களிம்பு போட்ட யாருக்கும் புண் வரவில்லை. புண்ணாகிவிட்டாலோ மணிக்கொரு சொட்டு, வாரக்கணக்கில் வைத்தியம். ஆறிய பின்னும் வெண்தழும்பு பார்வையை மறைக்கலாம். அடிபட்ட கண் வலித்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ, கருவிழியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.