சிவப்பு எரிந்தால் நிறுத்து

டாஷ்போர்டு விளக்குகளுக்கு மொழி கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தார்கள். ஆனால் அவற்றைப் புரிந்துகொள்ளாததன் விலை சில சமயம் ஒரு இன்ஜின், சில சமயம் ஓர் உயிர்.

மே மாதத்து நண்பகல். தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் போகும் நெடுஞ்சாலையை விட்டு ஓர் ஊருக்குள் நுழைகிறது கார். வண்ணம் பூசப்படாத ஒரு வேகத்தடை. காரின் அடிவயிறு சிமெண்டில் உரசுகிறது. பின் இருக்கையில் இருக்கும் குடும்பம் ஒரு கணம் குலுங்கிவிட்டு மறுபடி தூங்கிப் போகிறது. சற்று நேரத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு: நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளை, நுனியில் ஒரு சொட்டு. ஓட்டுநர் அதைப் பார்க்கிறார். அடுத்த பெட்ரோல் பங்க் 10 கிலோமீட்டர். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்.

இந்தக் குடும்பம் கற்பனை. வேகத்தடையும் விளக்கும் நிஜம். அந்த 10 கிலோமீட்டரைக் கடக்கும் முன்பே பல இன்ஜின்களின் கதை முடிந்துவிடுகிறது. வேகத்தடையில் இடித்து விரிசல் விட்ட ஆயில் சம்ப் வழியாக எண்ணெய் ஒழுகிவிட்டது. நிமிடத்துக்கு 2,000, 3,000 முறை சுழலும் கிராங்க்ஷாஃப்ட், பேரிங்குகளின் மேல் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. அழுத்தத்துடன் பாயும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் போனால் இரும்போடு இரும்பு உரசும், சூடேறும், உருகி ஒட்டிக்கொள்ளும். 'இன்ஜின் ஜாம்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். உடனே நிறுத்தியிருந்தால் ஒரு சம்ப், சில லிட்டர் எண்ணெய், இழுத்துச் செல்லும் வண்டிக்கு வாடகை. நிறுத்தாததால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும்.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி விபத்துச் சேதத்துக்குத்தான் பணம் தரும். இயந்திரக் கோளாறும், விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதமும் அதில் பொதுவாக அடங்காது. வேகத்தடை உடைத்த சம்ப்புக்குப் பணம் வரலாம். விளக்கை அலட்சியம் செய்ததால் போன இன்ஜினுக்கு வருவது கடினம்.

டாஷ்போர்டு என்ற சொல்லே பழைய குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் தடுக்க முன்னால் வைத்த பலகைக்கு அந்தப் பெயர். மோட்டார் வந்த பிறகு அதே இடத்தில் மீட்டர்கள் ஏறின. பிறகு செலவைக் குறைக்க, மீட்டர்கள் இருந்த இடத்தில் விளக்குகள் வந்தன. அமெரிக்காவில் அவற்றுக்கு 'முட்டாள் விளக்குகள்' என்று கேலிப் பெயரே உண்டு. முள் இருந்தால் அழுத்தம் குறையத் தொடங்கும்போதே தெரியும். விளக்கோ எல்லாம் குறைந்த பிறகுதான் எரியும்.

இந்தியாவில் இது ஒரு தலைமுறை மாற்றமும்கூட. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ஓட்டுநர்கள் காதாலும் மூக்காலும் வண்டியைப் படித்தார்கள். பானெட்டைத் திறப்பதும் தண்ணீர் பார்ப்பதும் காலைக் கடமைகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தினமும் பானெட்டைத் திறக்க அவசியமில்லாத கார் எப்படியிருக்கும் என்று நடுத்தர வர்க்கம் தெரிந்துகொண்டது. காரின் நம்பகத்தன்மை கூடக் கூட ஓட்டுபவரின் கவனம் குறைந்தது. இன்றைய காரில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை கண்டுபிடிப்பதை எல்லாம் சொல்ல இருப்பது கண்ணெதிரே உள்ள சில படங்கள்தான்.

அந்தப் படங்கள் தற்செயலானவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் அவற்றை வகுத்திருக்கிறது. எந்த நாட்டுக் காராக இருந்தாலும் எண்ணெய்க் குவளை எண்ணெய்க் குவளைதான். நிறங்களின் இலக்கணமும் எளிது. சிவப்பு: ஆபத்து, பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்து. மஞ்சள்: கோளாறு இருக்கிறது, சீக்கிரம் காட்டு. பச்சை: ஏதோ ஒரு கருவி இயங்குகிறது. நீலம்: ஹெட்லைட் 'ஹை பீமில்' இருக்கிறது, எதிரே வருபவரின் கண் கூசும். படம் புரியாவிட்டாலும் நிறம் புரிந்தால் பாதி ஆபத்து நீங்கியது.

சிவப்பு விளக்குகளில் இந்தியக் கோடைக்கு மிக நெருக்கமானது வெப்பமானி. இன்ஜின் ஆரோக்கியமாக இயங்கும்போது குளிர்விப்பு நீர் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். முள் நடுவில் நிற்கும். மும்பை - புணே சாலையின் மலையேற்றத்தில், ஏசி முழு வீச்சில் ஓட, லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால் முள் மேலே ஏறத் தொடங்கலாம். முதலில் ஏசியை நிறுத்த வேண்டும். தாங்கிக்கொள்ள முடிந்தால் ஹீட்டரை முழுதாகத் திறப்பதும் உதவும். இன்ஜினின் சூடு காருக்குள் வந்து இறங்கும். அப்போதும் முள் இறங்காமல் சிவப்பைத் தொட்டால், ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உயிருக்கே ஆபத்தான தவறு அடுத்துத்தான் நடக்கிறது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய், நீர் ஆவியாகி முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மூடி கைக்குச் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

சிறிய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள்ளே இப்போது கிடையாது. குளிர்ந்த இன்ஜினுக்கு நீல விளக்கு, கொதிக்கும் இன்ஜினுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நடுவில் எச்சரிக்கை இல்லை. எனவே அந்தச் சிவப்பை 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று பேரம் பேசக்கூடாது.

பாட்டரி படம் எரிந்தால் பாட்டரி கெட்டுவிட்டது என்று நினைப்பது பரவலான தவறு. ஓடும் வண்டியில் அந்த விளக்கு சொல்வது வேறு: ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, வண்டி பாட்டரியில் மிச்சமிருப்பதைக் கொண்டு ஓடுகிறது. இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்தால் அந்த மிச்சம் அதிக நேரம் தாங்காது. பெல்ட் அறுந்திருந்தால் சங்கதி இன்னும் மோசம். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பாட்டரி விளக்கைத் தொடர்ந்து வெப்பமானியும் ஏறினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: பிரேக். கைப் பிரேக்கை விடுவிக்க மறந்திருந்தாலும் இது எரியும். அதனால்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கைப் பிரேக்கை விட்ட பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள். ஆயில் ஒழுகியிருக்கலாம்; அல்லது பிரேக் பேட் தேய்ந்து, அதை ஈடுகட்ட ஆயில் கீழே இறங்கியிருக்கலாம். முதலில் வளைவிலும் சரிவிலும் மட்டும் மின்னி மறையும். ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுப் போவது, காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியை உதறிவைப்பது போன்றது.

மஞ்சள் விளக்குகளில் அதிகம் குழப்புவது இன்ஜின் படம். 2010க்குப் பிறகு இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்த்து, காரே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் படிப்படியாகக் கட்டாயமானது. கோளாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும். எண் சொல்வது நோயின் அறிகுறியைத்தான், காரணத்தை அல்ல. பிளக், காயில், இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேனர் காட்டிய எண்ணை அழித்துவிட்டுப் பணம் வாங்கும் கடைக்கும், காரணத்தைத் தேடும் மெக்கானிக்குக்கும் வித்தியாசம் இங்கேதான்.

இந்த விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் பணிமனைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் அப்படியில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி அழிக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை விரைவில் நிறுத்த வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் டீசல் கார்களுக்கு இன்னொரு விளக்கைக் கொடுத்தன. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டால் எரியும் விளக்கு. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டி நன்றாகச் சூடாக வேண்டும். பள்ளி, காய்கறிக் கடை என்று தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் கார் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. விளக்கு எரிந்த உடனே நெடுஞ்சாலையில் சுமார் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அலட்சியம் செய்தால் காரின் வேகத்தைக் கம்ப்யூட்டரே கட்டிப்போடும். மின்சாரக் கார்கள் சிலவற்றிலும் இதே போன்ற தண்டனை உண்டு. அதற்கான படம் ஆமை.

எல்லா விளக்குகளும் இயந்திரத்தைப் பற்றியவை அல்ல. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக், முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் நினைவூட்டி, வேகம் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவை கட்டாயம். இந்தியச் சாமர்த்தியம் சும்மா இருக்குமா? பெல்ட் பூட்டில் செருகி ஒலியை அடக்கும் போலிக் கொக்கிகள் சந்தைக்கு வந்தன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. 13,118 விற்பனை அறிவிப்புகள் நீக்கப்பட்டன. இந்தக் கணக்கு எவ்வளவு கசப்பானது என்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் எண்கள் சொல்கின்றன: சீட் பெல்ட் அணியாததால் 2021இல் இறந்தவர்கள் 16,397 பேர். அதில் 8,438 பேர் ஓட்டுநர்கள், 7,959 பேர் பயணிகள்.

ஏர்பேக் விளக்கு தொடர்ந்து எரிவதும் இதே வகை. வண்டி வழக்கம்போல ஓடும். எந்தத் தொந்தரவும் இராது. மோதும் நொடியில் பை விரியாமல் போகலாம் என்பதுதான் அதன் செய்தி.

இவ்வளவுக்கும் பிறகு, எரியாத விளக்குதான் மிகப் பெரிய பொய். இந்தியாவில் புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிகம் கைமாறுகின்றன. விற்பவர் கோளாறை நீக்குவதைவிட விளக்கை நீக்குவது மலிவு. அதைப் பிடிக்க வழி காரிலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பி, இன்ஜினை இயக்காமல் நிறுத்தினால் எண்ணெய், பாட்டரி, இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். பல்புகள் உயிரோடு இருக்கின்றன என்று கார் ஆஜர் கொடுக்கும் முறை அது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக அணைய வேண்டும். ஆஜர் கொடுக்காத விளக்கு இருந்தால் அந்த காரை விலை பேசும் முன் இருமுறை யோசிப்பது நல்லது.

ஒரு சிக்கல் மட்டும் பொறியாளர்கள் யோசிக்காதது. இந்தியாவில் காரின் சொந்தக்காரர் பல நேரம் பின் இருக்கையில் இருப்பார். விளக்கு தெரிவது ஓட்டுநருக்கு. கையேடு கையுறைப் பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பீகாரிலிருந்து பெங்களூருக்கு வந்து வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அந்தப் புத்தகத்தால் பயனில்லை. நடுவழியில் நிறுத்தினால் சவாரி போகும், முதலாளியின் திட்டு விழும். ஓட்டினால் போவது இன்ஜின். வங்கித் தவணையில் வாங்கிய சொந்த டாக்சி என்றால், இன்ஜின் பணிமனையில் கிடக்கும் மாதத்திலும் தவணை தேதி தவறாமல் வரும்.

இதற்குத் தீர்வு புதிய கருவி அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் வாசலில் நிற்கும்போது, சாவியைத் திருப்பி அத்தனை படங்களையும் எரியவிட்டு, ஓட்டுநரும் சொந்தக்காரரும் கையேட்டோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுவது. கூடவே ஒரு வாக்கியத்தையும் சொல்லிவைப்பது: சிவப்பு எரிந்தால் நிறுத்து, தாமதமானால் யாரும் திட்ட மாட்டார்கள்.