முதலாம் ஆண்டு மாணவரும் கல்லூரித் தெரிவும்

பிள்ளையைக் கல்லூரியிற் சேர்க்குங் காலத்துப் பெற்றோர் முதலில் நோக்குவது யாது? பெரும்பாலும் செலவும் தூரமுமே. இவற்றை நோக்குதல் தவறன்று. இவற்றை மாத்திரம் நோக்குதலே குறைபாடாகும். இதனை விளக்குதற்கு மகாத்மா காந்தியின் மாணவப்பருவம் தக்கதோர் உதாரணம். 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்து நம் முன்னோர்க்கு அறிவுரை பகர்ந்த அப்பெரியார், கல்லூரியின் முதலாம் ஆண்டில் இடர்ப்பட்ட வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மோகனதாசர் கத்தியவாரிலுள்ள போர்பந்தரில் 1869 ஒக்டோபர் 2 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் திவான் பதவி வகித்தவர். எனினும் பொருள் சேர்த்து வைத்தவரல்லர். தாயார் புத்லிபாய் விரதமும் வழிபாடும் தவறாதவர். பின்னர் குடும்பம் இராஜ்கோட்டிற் குடியேறியது. பதின்மூன்றாம் வயதில் நிகழ்ந்த விவாகத்தாற் பிள்ளைக்கு ஓராண்டுப் படிப்புத் தடைப்பட்டது. 1885 இல் தந்தையார் காலமாக, மூத்த தமையனார் குடும்பப் பாரத்தைத் தாங்கினார்.

உயர்நிலைப் பாடசாலையின் நான்காம் வகுப்பு முதலாகப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. கேத்திரகணிதம் விளங்காது மாணவர் மயங்கினார். யூக்கிளிட்டின் பதின்மூன்றாந் தேற்றத்தை அரிதின் முயன்று அடைந்தபோதே, அப்பாடம் எத்துணை எளிதென்பது அவர்க்குப் புலனாயிற்று. மெல்லக் கற்பினும் கற்றதைத் தெளியக் கற்பது அவரியல்பு என்பதை இதனால் அறியலாம். தாய்மொழியிற் பயின்றிருப்பின் இவையாவும் எளிதில் வந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

1887 இல் மற்றிக்குலேசன் பரீட்சை வந்தது. பம்பாய், அகமதாபாத் என்னும் இரு நிலையங்களுள், அண்மையும் செலவுச் சுருக்கமும் கருதி அகமதாபாத்துக்கே சென்றார். சித்தியெய்திய பின்னர்க் கல்லூரித் தெரிவும் அவ்வாறே நிகழ்ந்தது. பம்பாயிலும் பவநகரிலும் கல்லூரிகள் இருந்தன. பவநகரிற் செலவு குறைவு. ஆதலின் 1885 இல் நிறுவப்பெற்ற சாமள்தாஸ் கல்லூரியில் 1888 இன் தொடக்கத்திற் சேர்ந்தார்.

அங்கே எல்லாம் கடினமாகவே தோன்றின. விரிவுரைகளைப் பின்பற்ற இயலவில்லை. ஆசிரியர்கள் முதற்றரமானவர்கள் என்பதையும், குறை தமது பக்குவமின்மையே என்பதையும் அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார். முதற்றவணை முடிந்ததும் வீடு திரும்பினார்.

அக்காலையில், குடும்ப நண்பராகிய மாவ்ஜி தவே என்னும் அந்தணர் வீட்டுக்கு வந்தார். பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகள் செல்லும். பின்னரும் அறுபது ரூபா உத்தியோகமே கிடைக்கும். இங்கிலாந்து சென்றால் மூன்றாண்டுகளிற் பாரிஸ்டர் ஆகலாம் என்று அவர் கணக்கிட்டுரைத்தார். பிள்ளையையே நோக்கி அவன் விருப்பத்தையும் வினவினார். வைத்தியம் பயில விரும்பிய மாணவரைத் தமையனார் தடுத்தார். பிரேதங்களை அறுத்தாராய்தல் வைணவர்க்கு ஒவ்வாதென்பது தந்தையார் கருத்து. தாயார் அஞ்சியது அயல்நாட்டு ஒழுக்கத்தையே. மதுவும் மாதரும் மாமிசமும் தீண்டேனென மகன் சபதஞ் செய்த பின்னரே அவர் விடையளித்தார். 1888 செப்டெம்பர் 4 ஆந் திகதி மோகனதாசர் பம்பாயிற் கப்பலேறினார்.

இலண்டனிலும் இடர் நீங்கிற்றில்லை. இலண்டன் மற்றிக்குலேசனில் முதன்முறை இலத்தீன் பாடத்திற் றவறி, மறுமுறை தேறினார். 1891 யூன் 10 ஆந் திகதி பாரிஸ்டராகப் பதிவு பெற்றார். பவநகரில் வாடிய அதே மாணவர் ஈண்டு விடாமுயற்சி கொண்டதற்குக் காரணம் யாது? தாம் எதன்பொருட்டுக் கற்கின்றோம் என்பதை இம்முறை அவர் அறிந்திருந்தார். வீட்டாரும் அவருடன் ஆராய்ந்தே முடிவு செய்தனர்.

பவநகர்க் கல்லூரி தாழ்ந்ததன்று, மாணவரும் மடியரல்லர். வளர்ப்பு, மொழி, நோக்கம் என்பவற்றை எவரும் எண்ணாது பணத்தைமட்டும் எண்ணியதே பொருத்தமின்மைக்கு வித்தாயிற்று. வசதியற்ற மாணவர்க்கு உதவ முன்வரும் பழைய மாணவராகிய நாம் இதனை மனங்கொள்ளல் வேண்டும். கட்டணத்தைச் செலுத்துவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. முதற்றவணை விடுமுறையில் அம்மாணவரின் வீட்டுக்குச் சென்று, “தம்பி, பாடம் விளங்குகின்றதா? உமது விருப்பம் யாது?” என்று கேட்பதும் நம் கடனேயாம்.