பைபேக் யீல்டு 20 சதவீதமா? வாங்குவதற்கு முன் பங்குகளை எண்ணுங்கள்

நம்மவர்களுக்கு முதலீடு என்றால் நகை, காணி, சீட்டு என்றிருந்த காலம் மாறிவிட்டது. ஒஸ்லோவில் வேலை செய்யும் இளம் தலைமுறை இன்று மொபைலிலேயே உலகம் முழுக்கப் பங்கு வாங்குகிறது. அதிலும் சின்னச் சுரங்க நிறுவனங்கள் மேல் ஒரு தனி மோகம். தங்கம், செம்பு, லித்தியம் என்று பெயரைக் கேட்டாலே கை துறுதுறுக்கிறது.

இந்த நிறுவனங்களை வடிகட்ட இப்போது பலரும் பார்க்கும் எண், பைபேக் யீல்டு. அதாவது ஒரு நிறுவனம் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க ஓராண்டில் செலவழித்த பணம், அதன் மொத்தச் சந்தை மதிப்பில் எத்தனை சதவீதம் என்பது. கணக்கு ரொம்ப சிம்பிள். 500 கோடி மதிப்புள்ள நிறுவனம் 40 கோடிக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கினால் பைபேக் யீல்டு 8 சதவீதம்.

ஊர்க் கணக்கில் சொல்வதானால், ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு மாந்தோப்பு இருக்கிறது. ஒருவர் விலகுகிறார். தோப்பின் வருமானத்திலிருந்தே அவருக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மற்ற நால்வரும் கையிலிருந்து ஒன்றும் போடவில்லை, ஆனால் ஐந்தில் ஒன்றாக இருந்த பங்கு நான்கில் ஒன்றாகிவிட்டது. நல்லதுதானே? நல்லதுதான், விலகினவருக்கு நியாய விலை கொடுத்திருந்தால். அதிகமாகக் கொடுத்திருந்தால் நஷ்டம் மிச்சமிருக்கும் நால்வருக்கு.

சுரங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமரம் அடுத்த வருடமும் காய்க்கும். தோண்டி எடுத்த தாது திரும்பி வராது.

மோயில் சொல்லும் பாடம்

இதற்கு நல்ல உதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மோயில் என்ற அரசு நிறுவனம். உருக்கு தயாரிக்கத் தேவையான மாங்கனீசுத் தாதுவை இந்தியாவில் மிக அதிகமாக எடுப்பது இதுதான். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சுரங்கங்கள். 2010 டிசம்பரில் பங்கு ஒன்று 375 ரூபாய் என்ற விலையில் சந்தைக்கு வந்தது. அப்போது மொத்தப் பங்குகள் 16.8 கோடி.

2016-இல் மோயில் 3.48 கோடி பங்குகளைத் தலா 248 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. செலவு சுமார் 863 கோடி ரூபாய். மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அந்த விலையில் கணக்கிட்டால் பைபேக் யீல்டு 20.7 சதவீதம்! விற்காமல் வைத்திருந்தவரின் பங்கு 26 சதவீதம் பெருகியது. எந்த ஸ்கிரீனரில் போட்டாலும் பட்டியலில் முதலிடத்தில் வந்து நிற்கும் எண் இது.

சரி, ஏன் வாங்கினார்கள்? பங்கு மலிவாக இருக்கிறது என்று நிர்வாகம் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு மட்டும் அல்ல. 2016 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2,000 கோடிக்கு மேல் நிகர மதிப்பும் 1,000 கோடிக்கு மேல் ரொக்கமும் வைத்திருக்கும் அரசு நிறுவனங்கள் பங்குகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றது. அரசும் தன் பங்குகளைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டது. பட்ஜெட்டுக்குப் பணம் தேவைப்பட்டது, சுரங்க நிறுவனங்களின் பெட்டியில் பணம் இருந்தது. அதே ஆண்டு என்.எம்.டி.சி.யும் கோல் இந்தியாவும் இதையே செய்தன.

ஆகவே அந்த 20 சதவீதம் ஆண்டுதோறும் வரும் விளைச்சல் அல்ல. பல ஆண்டு சேர்த்த பணம் ஒரே தடவையில் வெளியே போனது. வங்கியில் இருந்த பணம் போனால் அதற்கு வந்த வட்டியும் போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்த பொறி 2017-இல். மோயில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்கு எண்ணிக்கை 13.32 கோடியிலிருந்து 26.64 கோடியாக ஏறியது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர், 'ஐயோ, நம்ம பங்கைக் கரைச்சுட்டாங்க' என்று நினைப்பார். உண்மையில் யாருடைய பங்கும் குறையவில்லை. ஒரு தோசையை இரண்டாக வெட்டினால் தோசை குறையாது.

அதன்பிறகும் பைபேக் தொடர்ந்தது. 2022-இல் தலா 205 ரூபாய்க்குச் சுமார் 3.39 கோடி பங்குகளை வாங்கினார்கள், செலவு சுமார் 694 கோடி. இப்போது மிச்சம் 20.35 கோடி பங்குகள். போனஸைச் சரிசெய்து பார்த்தால் 2010-இன் 16.8 கோடி என்பது இன்றைய கணக்கில் 33.6 கோடி. அதாவது பன்னிரண்டே ஆண்டுகளில் 39 சதவீதப் பங்குகள் காணாமல் போயிருக்கின்றன.

அப்படியானால் பங்குதாரர் பணக்காரர் ஆகியிருக்க வேண்டுமே? 2010-இல் கொடுத்த 375 ரூபாய், போனஸுக்குப் பிறகு 187 ரூபாய் 50 காசுக்குச் சமம். 2022-இல் நிறுவனமே கொடுத்த விலை 205. டிவிடெண்டைத் தள்ளிவிட்டால் பன்னிரண்டு வருடத்தில் விலையில் கிடைத்த லாபம் பத்து சதவீதத்துக்கும் கீழே. காரணம் எளிது. சுரங்கப் பங்கின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தாதுவின் விலைதான். மாங்கனீசு விலை படுத்தால் எவ்வளவு பைபேக் செய்தாலும் பங்கு எழாது.

நோர்வேயில் பார்த்தால்

இங்கே மோ இ ரானாவில் இரும்புத்தாது எடுக்கும் ரானா குரூபர் 2021-இல் ஒஸ்லோ சந்தைக்கு வந்தது. லாபத்தில் 50 முதல் 70 சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுப்பது என்பது அவர்கள் அறிவித்த கொள்கை. பைபேக் யீல்டை மட்டும் வைத்து வடிகட்டினால் இப்படிப்பட்ட நிறுவனம் கண்ணிலேயே படாது. அதனால்தான் டிவிடெண்டையும் பைபேக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கம் நோர்டிக் மைனிங். மேற்கு நோர்வேயின் எங்கேபே மலையில் ரூட்டைல், கார்னெட் எடுக்கும் திட்டம். சுரங்கம் கட்டுவதற்குக் கடன் வாங்கியதோடு 2023-இல் பெருமளவில் புதிய பங்குகளையும் வெளியிட்டார்கள். இதில் தவறில்லை, வருமானம் இல்லாத நிலையில் சுரங்கம் வேறு எப்படிக் கட்டுவது? ஆனால் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே பைபேக் யீல்டு கழித்தல் குறியில் இருக்கும் என்பது. உலகெங்கும் சின்னச் சுரங்கங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஈக்வினோர் சுரங்கம் அல்ல, ஆனாலும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த பெயர். அதில் நோர்வே அரசுக்கு 67 சதவீதம். சந்தையில் பங்கு வாங்கும்போது அரசின் பங்கும் அதே விகிதத்தில் மீட்டு ரத்து செய்யப்படுகிறது. 2025-க்கு 500 கோடி டாலர் பைபேக் என்று அறிவித்தார்கள் என்றால், சந்தையில் வாங்குவது அதில் மூன்றில் ஒரு பகுதிதான். தலைப்புச் செய்தியின் தொகையைப் பார்த்து 'இவ்வளவு பேர் வாங்குறாங்க, விலை ஏறும்' என்று கணக்குப் போடக்கூடாது.

வரி விஷயம்

நோர்வேயில் வரி கட்டும் தனிநபருக்கு டிவிடெண்ட் மீது 37.84 சதவீதம் வரி. ஐரோப்பியப் பொருளாதார வலய நிறுவனங்களின் பங்குகளை அக்சியஸ்பாரெகோண்டோ கணக்கில் வைத்தால் அந்த வரியைத் தள்ளிப்போடலாம். இந்தியப் பங்குக்கும் கனடாப் பங்குக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதனால் அந்த நாடுகளின் நிறுவனங்கள் டிவிடெண்டுக்குப் பதிலாகப் பைபேக் செய்தால், விற்காமல் இருக்கும் நமக்கு அன்றைக்கு வரி இல்லை. பைபேக்கில் உண்மையான நன்மை ஒன்று உண்டென்றால் நம் போன்றவர்களுக்கு அது இதுதான். ஆனால் பங்கைக் கொடுத்துக் காசு வாங்கினால் கதை வேறு. இந்தியாவில் பைபேக் வரி விதிகள் 2019, 2024 என்று மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கொடுப்பதற்கு முன் அன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

ஒன்று, பைபேக் நடந்ததா, அறிவிப்பு மட்டுமா? நோர்வேயில் பொதுக்கூட்டம் பத்து சதவீதம் வரை சொந்தப் பங்கு வாங்க அனுமதி கொடுப்பது வழக்கம். அனுமதி வேறு, கொள்முதல் வேறு.

இரண்டு, ஊழியர்களுக்கும் புதியவர்களுக்கும் வெளியிட்ட பங்கைக் கழித்தீர்களா? முதலில் சொன்ன 40 கோடி உதாரணத்தில், அதே ஆண்டு 30 கோடிக்குப் புதிய பங்கு விற்றிருந்தால் நிகர யீல்டு 8 அல்ல, 2 சதவீதம்தான்.

மூன்று, பணம் எங்கிருந்து வந்தது? தாது விற்ற லாபமா, கடனா, சேமிப்பா? இயந்திரத்துக்கும் புதிய தாதுப் படிவம் தேடுவதற்கும் வைக்க வேண்டிய காசை எடுத்துப் பைபேக் செய்தால், அது விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவது மாதிரி.

நான்கு, எண் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் விலை விழுந்ததா? சந்தை மதிப்பு பாதியானால், ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்காமல் யீல்டு இரண்டு மடங்காகும்.

ஐந்து, தாது விலை உச்சத்தில் வாங்கினார்களா, பள்ளத்தில் வாங்கினார்களா? விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் கையில் காசு புரளும், பங்கும் அப்போதுதான் விலை அதிகம். பள்ளத்தில் வாங்கத் துணியும் நிர்வாகம் குறைவு. அப்படி ஒன்று கிடைத்தால் அதன் ஆண்டறிக்கையைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்கலாம்.

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஐந்து ஆண்டறிக்கைகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் மொத்தப் பங்கு எண்ணிக்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். போனஸ், பங்குப் பிரிப்பு இருந்தால் சரிசெய்யுங்கள். எண் இறங்கிக்கொண்டே வருகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்பா அம்மா மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் நின்று சேர்த்த காசு அது. அதைப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழிப்பது தப்பில்லை.

(எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல இந்தக் கட்டுரை.)